பணிவு, அடக்கம், தாழ்மை: எந்த இடத்தில் எந்தச் சொல்லை எழுதுவது?

ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பணிநிறைவுப் பாராட்டு மடல், கண்ணீர் அஞ்சலி அட்டை என்று மாதம் முழுவதும் என் மேசைக்கு வரும் தாள்களில், ஒரு மனிதரின் நல்ல குணத்தைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டால், எழுதியவர்கள் பெரும்பாலும் பணிவு, அடக்கம், எளிமை, தாழ்மை என்னும் நான்கு சொற்களுக்குள் ஏதேனும் ஒன்றைக் கைக்கு வந்தபடி எடுத்துப் போட்டிருப்பார்கள். அகராதியைத் திறந்தால் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று பொருளாகத் தரப்பட்டிருப்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் அகராதியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சொற்கள் ஒரு வாக்கியத்துக்குள் வந்ததும் வெவ்வேறு வேலை செய்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் கவுந்தப்பாடிப் பக்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் தங்கள் அப்பாருவின் (தாத்தாவின்) மறைவுச் செய்தியை அச்சிட வந்தார்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவந்த வாக்கியம் இது: “அடக்கமே உருவாக வாழ்ந்த எங்கள் அப்பாருவின் உடல் இன்று மாலை எங்கள் தோட்டத்தில் அடக்கம் செய்யப்படும்.” ஒரே வரியில் ஒரே சொல் குணமாகவும் குழியாகவும் வந்து நின்றது. நான் அதைச் சுட்டிக்காட்டியபோது மூத்தவர், “அப்பாரு நெசமாலுமே அடக்கமான மனுசருங்க, அதை எப்படீங்க விடறது?” என்று கேட்டார். துக்கத்தில் வந்திருந்தவரிடம் இலக்கணம் பேசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த அட்டையைச் சரியாகச் செய்து கொடுக்க வேண்டும் என்று அவரிடம் சில கேள்விகள் கேட்டேன். அன்றிலிருந்து யார் வந்தாலும் அந்தக் கேள்விகளையே கேட்கிறேன். இந்தக் குறிப்புகள் அவற்றிலிருந்து வளர்ந்தவை.

முதலில் வினைச்சொல்லைப் பாருங்கள்

துணி என்பதிலிருந்து துணிவும், கனி என்பதிலிருந்து கனிவும் வருவதைப்போல, பணி என்னும் வினையிலிருந்து பணிவு வருகிறது. பணிதல் என்றால் தாழ்தல், வளைதல், வணங்குதல். தலை தாழலாம், உடல் தாழலாம், குரல் தாழலாம். ‘அடிபணிந்தான்’ என்பதில் உடல் தாழ்கிறது. ‘பணிமொழி’ என்பதில் சொல் தாழ்கிறது. ஆகவே பணிவு என்பது உள்ளே இருக்கும் குணத்தைச் சொல்வதைக் காட்டிலும், அந்தக் குணம் வெளியே ஓர் அசைவாகத் தெரிவதைச் சொல்கிறது.

இந்த வினையில் ஒரு பொறி இருக்கிறது. ‘பணிந்தார்’ என்றால் தாழ்ந்தார். ‘பணித்தார்’ என்றால் கட்டளையிட்டார். நனைந்தான், நனைத்தான் என்பதைப்போலத் தன்வினை, பிறவினை வேறுபாடுதான் இது. ஒற்றை எழுத்தில் பொருள் தலைகீழாகிவிடும். “விழாவுக்கு வருகை தருமாறு தங்களைப் பணிக்கிறோம்” என்று எழுதி வந்த ஓர் அழைப்பிதழை நான் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் வணங்கி அழைப்பதாக எண்ணியிருந்தார், படிப்பவருக்கோ அது உத்தரவு. அதே பணி பெயர்ச்சொல்லாக வரும்போது வேலை என்றும், பழைய நூல்களில் அணிகலன் என்றும் பொருள் தரும். எனவே பாராட்டு மடலில் “பணியில் பணிவோடு பணியாற்றி” என்று அடுக்கினால், காதுக்கு இனிப்பாக இருந்தாலும் கருத்து எங்கே என்று தேட வேண்டியிருக்கும். எழுத்திலும் கவனம் வேண்டும்: மூன்று சுழி ‘ண’ இட்டால்தான் பணிவு, இரண்டு சுழி ‘ன’ இட்டால் அது மார்கழிப் பனியின் பக்கம் போய்விடும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி

பணிவு என்று எழுதியவுடன் ‘யாரிடம்?’ என்று கேளுங்கள். பணிவுக்கு எதிரே ஒருவர் வேண்டும். பெரியவர்களிடம், கடைக்கு வருகிறவர்களிடம், தன்னிடம் வேலை செய்கிறவர்களிடம் என்று ஒரு விடை கிடைத்தால் அந்தச் சொல் அந்த இடத்துக்குப் பொருந்தும். யாருமே இல்லாத அறையில் ஒருவர் பணிவாக இருக்க முடியாது, அடக்கமாக இருக்கலாம்.

அடக்கம் என்று எழுதினால் ‘எதை அடக்கினார்?’ என்று கேளுங்கள். சினத்தை, நாக்கை, தன் பெருமையைச் சொல்லத் துடிக்கும் மனத்தை அடக்கினார் என்று விடை வர வேண்டும். தாழ்மை என்று எழுதினால் ‘தன்னை எந்த இடத்தில் வைத்துக்கொண்டார்?’ என்பது கேள்வி. எளிமைக்கு ‘எப்படி வாழ்ந்தார், அவரை எவ்வளவு சுலபமாக அணுக முடிந்தது?’ என்பது கேள்வி. விடை கிடைக்காத சொல்லை எடுத்துவிட்டு, விடை கிடைக்கும் சொல்லை வையுங்கள்.

நல்ல குணம் எல்லாம் பணிவு ஆகிவிடாது என்பதையும் இந்தக் கேள்வி காட்டிக்கொடுக்கும். எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் “காலிங்கராயனின் பணிவு” என்ற தொடரைப் பார்த்திருக்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி வாய்க்கால் வெட்டியவர், அந்த நீரைத் தன் குடும்பத்துக்காகக் கொண்டுவந்தார் என்ற பேச்சு வரக்கூடாது என்று இந்த மண்ணையே விட்டு ஊத்துக்குளிப் பக்கம் போய்விட்டார் என்பது ஊர்வழக்கு. அவர் யாரிடம் தாழ்ந்தார்? யாரிடமும் இல்லை. அந்தக் கதைக்கு உரிய சொல் தன்னலமின்மை அல்லது பற்றின்மை. பணிவு என்று எழுதினால் அந்தக் கதையின் உயரம் குறைந்துபோகிறது.

பணிவு யாருக்கு அழகு?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பணிவு என்னும் சொல் மிக அதிகமாகத் தவறிப் போவது இங்கேதான்.

திருவள்ளுவர் அடக்கமுடைமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். பணிவுடைமை என்று அதிகாரம் வைக்கவில்லை. பணிவைப் பற்றி அவர் சொல்வன எல்லாம் இனியவைகூறல், அடக்கமுடைமை, மானம், பெருமை, சான்றாண்மை என்று பல அதிகாரங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் மானம் என்ற அதிகாரத்தில் உள்ள குறள் இது:

பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய
சுருக்கத்து வேண்டும் உயர்வு.

செல்வமும் செல்வாக்கும் பெருகியிருக்கும் காலத்தில் பணிவு வேண்டும். அவை சுருங்கிப்போன காலத்தில் நிமிர்வு வேண்டும் என்கிறார். அதாவது இருப்பவருக்குப் பணிவு, இல்லாதவருக்கு நிமிர்வு. வேறோர் இடத்தில், பணிதல் எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் செல்வருக்கு அது மற்றொரு செல்வத்தைப் போன்றது என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால், உயரத்தில் இருப்பவர் தானாக இறங்கி வருவதே பணிவு என்பதும், ஏற்கெனவே கீழே நிறுத்தப்பட்டவரிடம் எதிர்பார்க்கப்படுவது அதுவல்ல என்பதும் தெளிவாகும்.

நம் பக்கத்தில் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. பண்ணையத்தில் வேலை செய்தவர்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தோட்டக்காரரைப் ‘பண்ணாடி’ (எசமான்) என்று அழைத்துத் தள்ளி நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்த நிற்பையும் அன்று பணிவு என்றுதான் சொன்னார்கள். ஒருமுறை, நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்து மறைந்த ஒருவருக்குத் தோட்டக்காரரின் குடும்பத்தார் அன்போடு ஓர் அஞ்சலி அட்டை அச்சிட முன்வந்தார்கள். “மிகவும் பணிவானவர்” என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெய்ப்பைப் பார்க்க வந்த அவருடைய மகள் அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இந்த வார்த்தை மட்டும் வேண்டாமுங்க, எங்கய்யன் நேர்மையானவர்னு போடுங்க” என்றார். அவர் சொன்னபடியே மாற்றினேன். அந்தக் குடும்பத்தாரும் மறுக்கவில்லை. அன்று அந்தப் பெண் எனக்குக் கற்றுக்கொடுத்ததை எந்த அகராதியும் கற்றுக்கொடுத்ததில்லை. ஆகவே இந்த ஒன்றை வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்: ஆலை முதலாளியை, ஆசிரியரை, அதிகாரியைப் பணிவானவர் என்று எழுதினால் அது பாராட்டு. அவருக்குக் கீழே வேலை செய்தவரைப் பணிவானவர் என்று எழுதும் முன், அவர் அப்படி இருப்பதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்ததா என்று யோசியுங்கள். வழி இல்லாமல் குனிந்ததற்கு அடங்கிப்போதல், கீழ்ப்படிதல், அடிமைத்தனம் என்று வேறு சொற்கள் இருக்கின்றன.

அடக்கம்

அடக்கம் என்ற சொல்லுக்குப் பல வீடுகள். வியாபாரிகளிடம் ‘அடக்க விலை’ என்றால் ஒரு பொருள் தங்கள் கைக்கு வந்து சேர்ந்த முழுச் செலவு. ‘வரி அடக்கம்’ என்றால் வரியும் சேர்ந்தது. ‘கைக்கு அடக்கமான’ என்றால் சிறியது, வசதியானது. ‘நல்லடக்கம்’ என்றால் புதைத்தல். இத்தனைக்கும் நடுவில் இருக்கும் பொருள் ஒன்றுதான்: ஒன்றை இன்னொன்றுக்குள் கொள்ளச் செய்தல். குணமாக வரும்போதும் அதே பொருள்தான். தன்னைத் தனக்குள் கொள்ளச் செய்கிறவர் அடக்கமானவர்.

இதைப் புறநானூற்றில் பிசிராந்தையார் பாட்டைவிடத் துல்லியமாகச் சொன்னவர் இல்லை என்பது என் கருத்து. தலை ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன காரணங்களில் கடைசியானது, தன் ஊரில் ‘ஆன்றவிந் தடங்கிய கொள்கைச் சான்றோர்’ பலர் இருக்கிறார்கள் என்பது. மூன்று வினைகள் வரிசையாக நிற்கின்றன. ஆன்று என்பது குணங்களால் நிறைதல். அவிந்து என்பது பணிய வேண்டிய பெரியோரிடம் பணிதல். அடங்கிய என்பது புலன்கள் அடங்குதல் என்று பழைய உரை பிரித்துக் காட்டுகிறது. நிறைவு முதலில் வருகிறது. அடக்கம் கடைசியில் வருகிறது. நிறையாத பாத்திரத்தில் அடக்குவதற்கு ஒன்றும் இல்லை. எனவே ஒருவரை அடக்கமானவர் என்று எழுதுவதற்கு முன் அவரிடம் என்ன நிறைந்திருந்தது என்பதையும் அந்த வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: “மூன்று தறியில் தொடங்கி முந்நூறு பேருக்கு வேலை கொடுத்த பிறகும் தன்னைப் பற்றிப் பேசாதவர்” என்று எழுதினால் அடக்கம் என்ற சொல்லே தேவைப்படாது.

மாணவனின் அடக்கத்துக்கு நம் மண்ணோடு சேர்ந்த ஒரு சான்று உண்டு. நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் சனகை, அதாவது சனகாபுரி, என்று அந்நூலின் பாயிரம் சொல்கிறது. பெருந்துறைக்கு அருகில் உள்ள சீனாபுரமே அது என்று இங்கே கருதுகிறார்கள். பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது அவர், ‘சித்திரப் பாவையின் அத்தகவு அடங்கி’, செவியே வாயாக, நெஞ்சே கொள்ளும் இடமாகக் கேட்க வேண்டும் என்கிறார். சுவரில் எழுதிய ஓவியத்தைப்போல அசையாமல் இருப்பது வெளித்தோற்றம். பருகுவதைப் போன்ற ஆர்வம் உள்ளே இருப்பது. இரண்டும் சேர்ந்ததே அங்கே அடக்கம். ஆர்வம் இல்லாமல் அசையாமல் மட்டும் இருக்கும் பிள்ளையை அடக்கமான பிள்ளை என்று எழுதுவது சரியாகாது. அமைதியான பிள்ளை என்று எழுதலாம்.

‘அடக்க ஒடுக்கம்’ என்ற இரட்டையைப் பெண்களுக்கு மட்டும் எழுதும் பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒடுக்கம் என்பது சுருங்குதல். அதில் நிறைவு இல்லை. மணமகளைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் அவர் படித்ததை எழுதுங்கள், செய்வதை எழுதுங்கள்.

தன்னடக்கமும் அவையடக்கமும்

தன்னடக்கம் என்பது பிறர் நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டிய சொல். “தன்னடக்கத்துடன் கூறிக்கொள்கிறேன்” என்று மேடையில் ஒருவர் சொன்னவுடன் அந்தக் குணம் அவரை விட்டுப் போய்விடுகிறது. ‘நான் பணிவானவன்’ என்பதும் அப்படியே. இந்தச் சொற்களைத் தன்மை இடத்தில், அதாவது நான், நாங்கள் என்று சொல்லும் இடத்தில், குணப்பெயராக எழுதாதீர்கள்; வினையாகவோ வினையடையாகவோ எழுதலாம். ‘பணிந்து கேட்கிறேன்’, ‘பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்பவற்றில் குற்றம் இல்லை, ஏனென்றால் அவை அந்த நேரத்துச் செயலைச் சொல்கின்றன.

அவையடக்கம் என்பது ஒரு தனி மரபுச் சொல். நூல் செய்பவர், கற்றோர் சபையின் முன் தன் குறையைத் தானே சொல்லிக்கொள்ளும் பகுதிக்கு அது பெயர். கம்பர், பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட நினைத்த பூனையைப்போல இராமன் கதையைச் சொல்லத் தொடங்கினேன் என்று பாடியது அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஆகவே அவையடக்கம் பேச்சின் தொடக்கத்தில், கேட்போர் முன்னிலையில் வருவது. வீட்டில் இருப்பவரின் குணத்தைச் சொல்ல அந்தச் சொல்லை எடுக்க முடியாது. மேடையில் பேசுகிறவர்களுக்கு என் பரிந்துரை, அவையடக்கத்தை ஒரே வாக்கியத்தில் முடிக்க வேண்டும் என்பது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று கால்மணி நேரம் சொல்கிறவரிடம் கேட்போர் களைத்துப்போகிறார்கள்.

வேலைக்கு விண்ணப்பம் எழுதும் பிள்ளைகள், தங்கள் திறமையைச் சொன்னால் அடக்கம் கெடுமோ என்று என்னிடம் கேட்பதுண்டு. இதற்கும் நன்னூலில் விடை இருக்கிறது. அறியாத துறைகளை எல்லாம் புதிதாகத் தோற்றுவித்து முடித்தாலும், ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்று பவணந்தியார் முதலில் விதிக்கிறார். அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களை விலக்காகத் தருகிறார்: அரசனுடைய அவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே, சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிராளி தன்னைப் பழித்தபோது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர், தன் ஆற்றலை அறியாதவர்களிடையே நிற்கிறவர்தானே. எனவே தைரியமாக எழுதலாம். எழுதும்போது அடையைக் குறைத்துச் செய்தியைக் கூட்டுங்கள். “நான் மிகச் சிறந்த உழைப்பாளி” என்பது தற்புகழ்ச்சி. “மூன்று ஆண்டுகள் இரவு ஷிப்டில் தையல் பிரிவைக் கவனித்தேன்” என்பது செய்தி.

தாழ்மை

மனு எழுதுகிறவர்கள் “மிகவும் பணிவுடனும் தாழ்மையுடனும் கேட்டுக்கொள்கிறேன்” என்று இரண்டையும் சேர்த்து எழுதுகிறார்கள். ஒன்று போதும், அந்த ஒன்று பணிவாக இருக்கட்டும். தாழ்மை, கேட்பவர் தன்னை ஒரு படி கீழே வைத்துக்கொள்வதைச் சொல்கிறது. பட்டா மாறுதலோ முதியோர் உதவித்தொகையோ கேட்கும் ஒருவர், தனக்கு உரியதைக் கேட்கிறார். உரியதைக் கேட்பதற்கு மரியாதையான மொழி வேண்டும். கீழே இறங்க வேண்டிய தேவை இல்லை. “பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்” என்பதே நிறைவான வாக்கியம்.

தாழ்மைக்கு அதன் சொந்த வீடு சமயத்தில் இருக்கிறது. கடவுளின் முன் தன்னைச் சிறியவனாக வைக்கும் இடத்தில் அந்தச் சொல் ஒளி பெறுகிறது. கிறிஸ்தவர்களின் எழுத்தில் மனத்தாழ்மை என்றும், கத்தோலிக்கர்களின் வழக்கில் தாழ்ச்சி என்றும் வருவதும், சைவ வைணவ மரபில் அடியேன், எளியேன் என்று வருவதும் அந்த வகை. ஆனால் தாழ்வு என்று எழுதினால் அது குறை. தாழ்வு மனப்பான்மை வேறு, தாழ்மை வேறு. பள்ளி விடுப்புக் கடிதத்தில் “தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்” என்று முடிப்பது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக “தங்கள் மாணவன்” என்று மட்டும் எழுதச் சொல்வேன்.

எளிமைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடையிலும் வீட்டிலும் உணவிலும் மிகை இல்லாமை ஒன்று; எளிதில் அணுகக் கூடியவராக இருத்தல் மற்றொன்று. எது உங்கள் கருத்தோ, அது வாக்கியத்தில் தெரிய வேண்டும்.

மரியாதையும் பேச்சுவழக்குச் சொற்களும்

கொங்கு நாட்டில் பேச்சின் ஒவ்வொரு முனையிலும் ‘ங்க’ வந்து நிற்கிறது. சரிங்க, இல்லீங்க, போயிட்டு வர்றனுங்க. வெளியூர்க்காரர்கள் இதைப் பணிவு என்று எழுதுகிறார்கள். நான் அதை மரியாதை என்றுதான் எழுதுவேன். பணிவில் பேசுகிறவர் தாழ்கிறார். மரியாதையில் எதிரே இருப்பவர் உயர்த்தப்படுகிறார், பேசுகிறவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். இந்த வேறுபாட்டுக்கு எங்கள் ஊர்க்காரரே தக்க சான்று. பெரியாரைப் பணிவானவர் என்று யாரும் எழுதமாட்டார்கள். அவர் எந்த அதிகாரத்துக்கும் பணிந்தவர் அல்லர். ஆனால் தம்மைவிட வயதில் மிக இளையவர்களையும் ‘வாங்க’ என்று பன்மையில் அழைத்த மரியாதையை, அவரோடு கருத்து மாறுபட்டவர்களும் சொல்லியிருக்கிறார்கள். பணியாத ஒருவர் மரியாதையில் குறைவில்லாதவராக இருக்க முடியும் என்பதால், இந்த இரண்டு சொற்களும் ஒன்றல்ல.

பேச்சில் புழங்கும் சில சொற்கள் எழுத்துக்கும் உதவும். ‘தன்மையான மனுசர்’ என்றால் கடிந்து பேசாதவர். பணிவுக்கு மிக நெருங்கிய பேச்சுச் சொல் இதுதான் என்று நினைக்கிறேன். ‘பதவிசு’ நடையிலும் பேச்சிலும் உள்ள மென்மை. ‘அமரிக்கை’ ஆரவாரம் இல்லாமை. ‘வெள்ளந்தி’ என்றால் சூது தெரியாதவர். அவர் பணிவானவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ‘அப்பிராணி’ என்பதில் இரக்கம் கலந்திருப்பதால் பாராட்டு மடலில் வைக்கக்கூடாது. ‘கமுக்கம்’ அடக்கத்தைப்போலத் தோன்றும். ஆனால் அது மறைத்து வைத்தல். விநயம், பவ்வியம் ஆகிய வடசொற்கள் நடத்தையின் நயத்தைச் சொல்கின்றன. பவ்வியத்தில் இன்று சற்று நடிப்பின் சாயல் ஏறிவிட்டது என்பதால், உண்மையான பாராட்டுக்கு விநயமே மேல்.

நடிப்பைச் சொல்லவே தமிழில் ஒரு சொல் இருக்கிறது: கூழைக்கும்பிடு. காரியம் ஆகும்வரை குனிவது அது. வள்ளுவரும் இதை எச்சரித்திருக்கிறார். பகைவரிடமிருந்து வரும் சொல்வணக்கத்தை ஏற்காதே, ஏனென்றால் வில் வணங்குவது தீங்கு செய்வதற்காகவே என்கிறார். வணங்குதல் என்பதற்கு வளைதல் என்ற பழைய பொருள் இருப்பதால்தான் அந்த உவமை அவ்வளவு கூர்மையாக இறங்குகிறது.

ஒரு சொல்லில் ஐயம் வந்தால் அதன் எதிர்ச்சொல்லை நினைத்துப் பாருங்கள். பணிவுக்கு எதிர் செருக்கு, இறுமாப்பு, பேச்சில் தலைக்கனம். அடக்கத்துக்கு எதிர் அடங்காமை. எளிமைக்கு எதிர் ஆடம்பரம். மரியாதைக்கு எதிர் அவமதிப்பு. நீங்கள் பாராட்டும் மனிதரிடம் இவற்றுள் எது இல்லாதது உங்களைக் கவர்ந்தது என்று கேட்டால், எழுத வேண்டிய சொல் தானே வந்துவிடும். பெருமிதம் இந்த வரிசையில் சேராது. தொல்காப்பியம் அதை எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது வெளியே தெரியும் உணர்ச்சிகளில், ஒன்றாக வைத்தது. பணிவும் பெருமிதமும் ஒரே மனிதரிடம் இருக்கலாம்.

அழைப்பிதழில் ‘பணிவன்புடன் அழைக்கிறோம்’ என்பது பணிவும் அன்பும் சேர்ந்த அழகான தொடர். ஆனால் ஒரே அழைப்பிதழ் மாமன் வீட்டுக்கும் போகிறது, மருமகன் வீட்டுக்கும் போகிறது, அண்டை வீட்டுச் சிறுவர்கள் கைக்கும் போகிறது; பெரியவர்கள் பெயரில் அழைக்கும்போது ‘அன்புடன்’ என்பது எல்லோருக்கும் பொருந்தும். பெரியவர்களை அழைக்க வெற்றிலை பாக்கோடு நேரில் போகிறோமே, பணிவு அந்தப் போக்கிலேயே இருக்கிறது.

கவுந்தப்பாடி இளைஞர்களிடம் நான் அன்று கேட்ட முதல் கேள்வி, அப்பாரு யாரிடம் அப்படி இருந்தார் என்பது. மூத்தவர் யோசிக்காமல் சொன்னார்: “எல்லார்கிட்டயுமுங்க. கரும்பு வெட்ட வர்ற பசங்களைக்கூட வாங்க, சாப்புட்டீங்களான்னுதானுங்க கேப்பாரு.” அடுத்து, அவர் எதையேனும் அடக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். இளையவர், பங்காளி ஒருவர் வரப்புத் தகராறில் வாய்க்கு வந்தபடி பேசியபோதும் அப்பாரு பதில் பேசாமல் மம்மட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போய்விட்டதைச் சொன்னார். இரண்டையும் கேட்ட பிறகு பணிவு, அடக்கம் ஆகிய இரண்டு சொற்களுமே எங்களுக்குத் தேவைப்படவில்லை. அட்டையில் இப்படி அச்சிட்டோம்: “கரும்பு வெட்ட வந்தவர்களையும் ‘வாங்க, சாப்பிட்டீங்களா’ என்று கேட்ட எங்கள் அப்பாரு இன்று காலை இயற்கை எய்தினார். அன்னாரின் நல்லடக்கம் மாலை 4 மணிக்கு எங்கள் தோட்டத்தில் நடைபெறும்.”